மடிப்பு முன்னுக்கு

சங்கத் தலைவர் ஸ்ரீதரனின் பாவாடை ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம் தபாலில் ஒரு பெட்டியாக, மொன்றியலின் ரொக்ஸ்பரோ பகுதியில் இருந்த அவருடைய வீட்டு வாசலில் வந்து இறங்கியது. பாவாடை என்று யாராவது சொன்னால் அவருக்குப் பொல்லாத கோபம் வரும். கில்ட் என்று சொல்லவேண்டும். ஸ்கொட்லாந்துக்காரரின் பரம்பரை உடுப்பு, பிரபுக்கள் உடுத்தது, ஒன்றுக்கு எட்டு யார் நீளக் கம்பளித் துணி போகும் என்று மூன்று நாளாக வீட்டுக்குள் நடந்து நடந்து விளக்கிக்கொண்டிருந்தார். கேட்பதற்கு வீட்டில் இருந்தது ஒரே ஓர் ஆள், அவருடைய மனைவி சிவாஜினி. அவள் கத்தரிக்காய் வெட்டியபடி கொடுப்புக்குள் சிரித்துக்கொண்டிருந்தாள்.

ஸ்ரீதரனைப் பற்றிக் கொஞ்சம் சொல்லித்தான் ஆகவேண்டும். பதினொரு வருடம் இந்த மொன்றியலில் டாக்சி ஓட்டினார். பயணிகளோடு சண்டை பிடித்துப் பிடித்தே பிரெஞ்சு படித்தார். பிறகு காப்புறுதி முகவரானார். அதற்குப் பிறகு ஊர்ச் சங்கத்துக்குத் தலைவரானார், ஆன நாளிலிருந்து இறங்கவே இல்லை. தலைவர் வேலை என்றால் அவருக்குப் பொன்னாடை போர்த்துகிற வேலை. இந்த நகரத்தில் ஒரு வெள்ளைக்காரர் கோட் போட்டுக்கொண்டு ஐந்து நிமிடம் ஒரே இடத்தில் அசையாமல் நின்றால் ஸ்ரீதரன் பொன்னாடை போர்த்திப் படம் எடுத்துவிடுவார். நகரசபைக்காரர், பாடசாலை அதிபர், தீயணைப்புப் படைத் தளபதி என்று ஒருவரையும் விட்டுவைத்ததில்லை. பல்லுக் கழற்றிய வைத்தியருக்குக்கூட வாயில் பஞ்சோடு போர்த்தியிருக்கிறார். கார் டிக்கியில் பனி வழிக்கும் தடி இல்லாமல் போகலாம், சரிகைப் பொன்னாடை இல்லாமல் போகாது.

அப்படிப்பட்ட மனிதரைத் தன் மகளின் அரங்கேற்றத்துக்கு ஒரு வேட்டி கட்டவைக்க சிவாஜினியால் முடியவில்லை. மூன்று வருடத்துக்கு முந்திய கதை. பட்டு வேட்டி வாங்கி, மினுக்கி, கட்டிலில் விரித்து வைத்திருந்தாள். மகள் ஆர்த்திகாவும் கெஞ்சினாள். "இந்தக் குளிருக்குள்ள வேட்டியோ?" என்று துள்ளினார் தலைவர். "அங்க வெள்ளைக்காரர் வருவினம். பாவாடை கட்டிக்கொண்டு நிக்கிறான் எண்டு சிரிக்கவோ?" அரங்கேற்றம் நடந்தது ஆனி மாதம். குளிர் எங்கிருந்து வந்தது என்று அவரைத்தான் கேட்கவேண்டும். மூன்று துண்டுக் கோட்சூட் போட்டுக்கொண்டு, குத்துவிளக்குக்குப் பக்கத்தில் வேர்த்து வடிய நின்றார். சிவாஜினி அந்தக் கணக்கை மனதுக்குள் முடிந்து வைத்தாள்.

இப்போது மாசி மாதம். வெளியே சைபருக்குக் கீழே பத்தொன்பது. இந்தக் குளிரில் முழங்கால் தெரிய உடுத்துவதற்கு அவர் ஒற்றைக்காலில் நின்றதற்குக் காரணம் மிஸ்டர் மக்கின்னன். காப்புறுதிக் கொம்பனியில் பெரிய கதிரையில் இருந்து ஓய்வுபெற்ற, எழுபத்தெட்டு வயது ஸ்கொட்லாந்து வம்சாவளிக்காரர். அவரை எப்படியாவது சங்கத்தின் ஆண்டுவிழாவுக்குப் பிரதம விருந்தினராக இழுத்துவரவேண்டும் என்று ஸ்ரீதரன் ஒரு வருடமாகப் பின்னால் திரிந்தார். கிழவர் நல்ல மனிதர். ஆண்டுவிழாவுக்கு ஓம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. ஆனால் அவருடைய வீட்டில் யாருக்கோ வர முடியாமல் போனதால் ஒபேராவுக்கு மிஞ்சிய இரண்டு ரிக்கெற்றைக் கொடுத்தார். கொடுக்கும்போது, ஒபேராவுக்குத் தான் எப்போதும் கில்ட்தான் உடுத்துவேன் என்று ஒரு பேச்சுக்குச் சொல்லி வைத்தார். அவ்வளவுதான். ரொறொன்ரோவில் வாடகைக்குக் கொடுக்கும் கடைக்கு அன்று பின்னேரமே ஓடர் போய்விட்டது.

சிவாஜினிக்கு இதில் சிரிப்பு மட்டும் இருந்திருந்தால் பிரச்சினை இல்லை. அவளுக்கு அந்த ஒபேராக் கொம்பனியில் ஒரு காரியம் இருந்தது.

டவுன்டவுனில் ஒரு பெரிய ஹோட்டலின் நிலக்கீழ் அறையில் பதினேழு வருடமாகத் தையல் வேலை செய்கிறாள் அவள். ஜன்னல் இல்லாத அறை. வேலைக்காரரின் சீருடை, கிழிந்த மேசைவிரிப்பு, விருந்தாளிகளின் அவசரப் பொத்தான், எல்லாம் அங்கேதான் வரும். வருடத்தில் இரண்டு தடவை, கூட வேலை செய்யும் அக்னெஸோடு ஒபேராவுக்குப் போய் ஆக உச்சி மாடியில் இருந்து பார்ப்பாள். அக்னெஸ் பாட்டைக் கேட்பாள். சிவாஜினி உடுப்பைப் பார்ப்பாள். ஒரு கவுண் எங்கே வெட்டப்பட்டிருக்கிறது, எங்கே பாரம் தாங்குகிறது என்று பார்த்துப் பார்த்தே, சாகுமுன்னர் ஒரு நாளாவது அந்த உடுப்புகளைக் கையால் தொட்டுத் தைக்கவேண்டும் என்ற ஆசை அவளுக்குப் பிடித்துக்கொண்டது. மார்கழியில் அந்தக் கொம்பனியின் உடுப்புத் தயாரிக்கும் கூடத்துக்கு ஆள் தேவை என்று விளம்பரம் வந்தது. விண்ணப்பித்தாள். கூடத்தின் தலைவி மடாம் டுஃப்ரேன் அவளைக் கூப்பிட்டு ஒரு மணித்தியாலம் கதைத்தாள். தான் செய்த வேலைகளின் படங்களை சிவாஜினி காட்டினாள். அவற்றில் மடாம் நெடுநேரம் நிறுத்திப் பார்த்தது ஒரு கில்ட்டின் படத்தை. ஹோட்டலில் வருடாவருடம் ஸ்கொட்லாந்துக்காரரின் நடன விருந்து நடக்கும்; பூச்சி அரித்த கில்ட்டுகளைப் பிரித்து மடிப்புப் போட்டுத் தருவது சிவாஜினிதான். கட்டத்துக்குக் கட்டம் கோடு பிசகாமல் இருந்த அந்த மடிப்பைப் பார்த்துவிட்டு மடாம், "இப்படிக் கை இந்த ஊரில் நாலைந்து பேருக்குத்தான் இருக்கும்," என்றாள். திங்கட்கிழமை அரைநாள் தைத்துக் காட்ட வரவேண்டும். அது சரிவந்தால் வேலை.

ஆகவே, கில்ட்டைப் பற்றி மொன்றியல் தமிழரில் ஒருவருக்குத் தெரியும் என்றால் அது சிவாஜினிக்குத்தான் தெரியும். கில்ட் தைக்கிற கதையை அவள் வீட்டில் சொல்லவில்லை. அவள் ஹோட்டலில் என்ன தைக்கிறாள் என்று தலைவர் பதினேழு வருடத்தில் ஒரு நாளும் கேட்டதில்லை.

சனிக்கிழமை பின்னேரம் நாலு மணிக்கே உடுப்பு வேலை தொடங்கியது. வெள்ளைச் சேட், கறுப்புக் குட்டைக் கோட், போ டை, முழங்கால்வரை மேசு எல்லாம் ஏறிவிட்டன. கில்ட்டைக் கையில் பிடித்துக்கொண்டு உள்ளுடுப்போடு அறைக்கு நடுவில் நின்ற தலைவர், அந்தக் கோலத்திலும் புத்தி சொல்வதை விடவில்லை.

"ஒண்டு சொல்லுறன், வடிவாக் கேளும். அங்க பெரிய பெரிய ஆக்கள் வருவினம். ஹோட்டலுக்குக் கீழ துவாய் தைக்கிறன் எண்டு வாயைத் திறந்திடாதையும். ஆரும் கேட்டால் ஃபாஷன் டிசைனர் எண்டு சொல்லும்."

"திங்கட்கிழமை அதே ஆக்களிட்டத்தான் நான் தைச்சுக் காட்டப் போறன்," என்றாள் சிவாஜினி.

"அதுவும் ஒரு உத்தியோகமே? நாடகக்காரற்ர கிழிசல் தைக்கிறது. அந்தக் கதையை அங்க எடுக்கவே வேண்டாம். மக்கின்னனுக்கு முன்னால என்ர மானத்தை வாங்காதையும்."

இருபத்தாறு வருடமாக இந்த மனிதரை அவள் வாய்க்கு வெளியே ஒரு சொல் வராமல் இளக்காரமாகப் பார்த்துப் பழகியிருந்தாள். சோறு போட்டுக்கொண்டு இளக்காரம், பொன்னாடைப் படங்களுக்குச் சட்டம் போட்டுக்கொண்டு இளக்காரம். அது அவளுக்கு ஒரு சுகமாகவே இருந்தது. இன்றைக்கு அது சுகமாக இல்லை, நெஞ்சில் எரிந்தது.

தலைவருக்கு அதெல்லாம் எங்கே தெரியும். பெட்டிக்குள் இருந்த செய்முறைத் தாளை எடுத்து நீட்டினார். "எழுத்துப் பொடி பொடியாக் கிடக்கு. கண்ணாடி கீழ. ஒருக்காப் பாத்துச் சொல்லும், இந்த மடிப்பு முன்னுக்கோ, பின்னுக்கோ வரவேணும்?"

தாளில் முதல் வரியே அதுதான். மடிப்பு முதுகுப்பக்கம், தட்டையான பக்கம் முன்னால். பக்கத்தில் படமும் போட்டிருந்தது. சிவாஜினி அதைப் பார்த்தாள். பிறகு, ஊசி குத்தவரும் தையல்காரனுக்கு நிற்பதுபோல இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு நின்ற புருசனைப் பார்த்தாள்.

"முன்னுக்கு," என்றாள்.

"நானும் அதைத்தான் நினைச்சனான். சீலைக்கு மடிச்ச கொய்யகம் முன்னுக்குத்தானே வாறது. எந்த நாடெண்டாலும் உடுப்பு உடுப்புத்தான்." தன் அறிவில் தானே மகிழ்ந்துபோய்த் தலையாட்டினார்.

அவள் முழந்தாளிட்டு வார்களை இழுத்துப் பூட்டினாள். முன்னால் கம்பளி மடிப்பு முப்பதும் புடைத்துக்கொண்டு நின்றது. அதற்கு மேல் சங்கிலியில் தொங்கவேண்டிய தோல் பை தொங்க இடமில்லாமல் துருத்திக்கொண்டிருந்தது. பின்பக்கம் இறுக்கிப் பிடித்துத் தட்டையாக, சொல்லவே வாய் கூசுகிற மாதிரி இருந்தது. தலைவர் கண்ணாடிக்கு முன்னால் போய்ப் பக்கவாட்டில் திரும்பிப் பார்த்து, "ஆள் எடுப்பாத்தான் இருக்கிறன்," என்றார். செய்முறைத் தாளை நாலாக மடித்துத் தன் கைப்பைக்குள் போட்டாள் சிவாஜினி. அவளுக்கு அப்போது வந்த சந்தோசத்தைச் சொல்லி முடியாது.

காரை நிலக்கீழ்த் தரிப்பிடத்தில் விட்டால் மண்டபத்துக்குள் நேரே ஏறலாம். தலைவர் அதற்கு ஒப்பவில்லை. மண்டபத்தின் பெயர் தெரியப் படம் எடுக்கவேண்டும் என்று வெளியே தெருவில் நின்றார். முழங்கால் இரண்டும் கத்தரிக்காய் நிறத்துக்கு வந்தபிறகுதான் உள்ளே வந்தார். உள்ளே வந்ததும் சனம் பார்க்கத் தொடங்கியது. வெள்ளைக்காரருக்கு ஒரு பழக்கம் உண்டு: சிரிப்பு வந்தால் சிரிக்கமாட்டார்கள், பார்வையைத் தூக்கி மேல்மாடி விளக்கில் வைப்பார்கள். அன்றைக்கு அந்த மண்டபத்தின் விளக்குகளை அத்தனை பேர் ரசித்தார்கள். தலைவரோ ஒவ்வொரு முகத்துக்கும் "பொன்சுவார், பொன்சுவார்" என்று தேர்தலுக்கு நிற்பவரைப்போலத் தலைவணங்கிக்கொண்டு போனார்.

சிவாஜினி பத்தடி பின்னால், வேறு யாரோவுடன் வந்தவளைப்போலத் தூணோடு நின்றுகொண்டாள். தூணோடு நின்று என்ன, அந்த மண்டபத்திலேயே நீலப் பட்டுச் சேலை உடுத்தியிருந்தது அவள் ஒருத்திதான். யாருடைய மனைவி என்று கண்டுபிடிக்க யாருக்கும் சாத்திரம் தெரிந்திருக்கத் தேவையில்லை.

மக்கின்னன் வந்தார். அவரும் கில்ட்தான், பழைய பச்சைக் கட்டம், முன்னால் தட்டை, பின்னால் மடிப்பு. ஸ்ரீதரனைக் கண்டதும் அவருடைய வெள்ளைப் புருவம் ஒருதரம் மேலே போய் இறங்கியது. "எவ்வளவு சிரமம் எடுத்திருக்கிறீர்கள்," என்று ஆங்கிலத்தில் சொல்லிக் கையைப் பிடித்துக் குலுக்கினார். வேறு ஒன்றும் சொல்லவில்லை. அவர் கோட் கொடுக்கப் போனதும் தலைவர் விறுக்கென்று தூணடிக்கு வந்தார். கண்டுபிடித்துவிட்டார், எல்லாம் போச்சு என்று சிவாஜினி நினைத்தாள்.

"பாத்தனீரே?" என்று காதுக்குள் சொன்னார். "பாவம் கிழவன், கில்ட்டை மாறி உடுத்திட்டார். மடிப்பு முழுக்கப் பின்னுக்குக் கிடக்கு."

சிவாஜினி தாள் கிடந்த கைப்பையை மற்றக் கைக்கு மாற்றினாள்.

"வயசு போட்டுதெல்லே. வீட்டில பாத்து விட ஆளில்லைப்போல. நீர் சொன்னபடியால்தான் எனக்குத் தெரியுது, இல்லாட்டில் நானும் அப்பிடித்தான் வந்திருப்பன்." கொஞ்சம் யோசித்தார். "அவருக்குச் சொல்லிப்போடாதையும். இத்தனை சனத்துக்குள்ள அந்த மனுசன் வெட்கப்படும்."

இப்படி ஒரு மனிதர் இருக்க முடியுமா என்று இருந்தது அவளுக்கு. சிரிக்கவேண்டிய இடம். சிரிக்க வரவில்லை. இருந்தாலும் கைப்பைக்குள் கிடந்த தாளை எடுத்து நீட்ட அவளுக்கு மனம் வரவில்லை. இன்னும் கொஞ்ச நேரம் கிடக்கட்டும், மனிதர் இன்னும் கொஞ்சம் துள்ளட்டும் என்று விட்டுவிட்டாள். மணி அடித்தது, உள்ளே போனார்கள்.

முதல் பாதி எழுபது நிமிடம். தலைவர் இருபதாவது நிமிடத்தில் நித்திரையாகிவிட்டார். கதிரையில் இருந்தபோது மடிப்பெல்லாம் மடியில் எழும்பிக் குவிந்து, நிகழ்ச்சி அட்டையை வைத்து அவளே இரண்டு தடவை மூடிவிடவேண்டியிருந்தது. மேடையில் கதாநாயகியின் சாம்பல்நிறக் கவுண் விளக்கில் அசைந்தது. எப்போதும் உச்சி மாடியிலிருந்து பார்த்தது, இன்றைக்கு எட்டாவது வரிசையிலிருந்து பார்க்கக் கிடைத்தது. கழுத்துப் பட்டையின் கைத்தையல்கூடத் தெரிந்தது. திங்கட்கிழமை அந்தத் துணியைத் தொடப்போகிறேன் என்று நினைத்ததும் அவளுக்குக் கண் கலங்கியது. பக்கத்தில் குறட்டை கேட்டது. முழங்கையால் இடித்தாள்.

இடைவேளையில்தான் வினை வந்தது. முன்மண்டபத்தில் வைன் கிளாசும் கையுமாகச் சனம் நிரம்பியிருந்தது. தலைவர் சிவாஜினியின் கையில் ஒரு துணிப்பையைத் திணித்து, அதற்குள்ளிருந்து பிளாஸ்டிக் உறையோடு பொன்னாடையை எடுத்தார்.

"இங்க வேண்டாம்," என்றாள் சிவாஜினி. உண்மையாகவே கெஞ்சினாள். "உங்களைக் கும்பிட்டன், இங்க வேண்டாம்."

"பேந்து எப்ப செய்யிறது? ஆண்டுவிழாவுக்கு அவர் வாறாரோ இல்லையோ, படம் ஒண்டாவது கிடைக்கட்டும்." பக்கத்தில் நின்ற ஒரு பெண்ணிடம் ரெலிபோனைக் கொடுத்து, "மடாம், சில்வூப்பிளே," என்றார். பிறகு மக்கின்னனுக்கு முன்னால் போய், இரண்டு கையையும் உயர்த்தி, எங்கள் தமிழ்ச் சமூகத்தின் சார்பில் என்று ஆங்கிலத்தில் தொடங்கி, சரிகைப் பொன்னாடையை அவர் தோளில் போர்த்தினார். சுற்றியிருந்த சனம் வட்டமாக விலகி நின்று கை தட்டியது. வட்டத்துக்கு நடுவில் இரண்டு கில்ட். ஒன்று முன்னால் பார்க்கிறது, ஒன்று பின்னால் பார்க்கிறது. இதுவரை கவனிக்காதவர்களுக்கும் இப்போது நன்றாகத் தெரிந்தது.

அந்த வட்டத்தின் ஓரத்தில், கறுப்பு உடுப்பின் கொலரில் இரண்டு குண்டூசி குத்தியபடி, ஒரு மெலிந்த நரைத்தலை அம்மாள் நின்று தலைவரின் இடுப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள். மடாம் டுஃப்ரேன்.

சிவாஜினி ஒளியத் தூணைத் தேடினாள். அதற்குள் மடாமின் பார்வையைக் கண்ட தலைவர், ஆகா, நம் உடுப்பை ஒரு பெரிய இடத்து அம்மாள் ரசிக்கிறாள் என்று புழுகம் தாங்காமல் நெருங்கிவிட்டார்.

"வடிவா இருக்கா மடாம்?" என்று டாக்சிப் பிரெஞ்சில் கேட்டார். "என் மனைவிதான் உடுத்திவிட்டவ. அங்கே நிற்கிறா பாருங்கள். பெரிய தையல்காரி. இந்த நகரத்தில் அவவைப்போல ஒருவரும் இல்லை. வாரும், இஞ்ச வாரும்!"

துவாய் தைக்கிற கதையை எடுக்கவேண்டாம் என்று சொன்ன அதே வாய்தான். வெள்ளைக்கார அம்மாள் ஒருத்தி ஒரு நிமிடம் உற்றுப் பார்த்ததும் வீட்டுத் தையல்காரி அவருக்குப் பெரிய தையல்காரி ஆகிவிட்டாள். ஆனால் சொன்னபோது அவருடைய முகத்தில் இருந்த பெருமை பொய்யில்லை. சிவாஜினி துணிப்பையை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு வந்து நின்றாள்.

"நீங்களா?" என்றாள் மடாம். சிவாஜினியின் சேலைக் கொய்யகத்தைப் பார்த்தாள், தலைவரின் மடிப்பைப் பார்த்தாள், பிறகு அவளுடைய முகத்தைப் பார்த்தாள். "வேறு யாராவது என்றால் தெரியாமல் செய்தது என்று நினைப்பேன். நீங்கள் எனக்கு ஒரு கில்ட்டின் படம் காட்டினீர்கள். நீங்களே மடிப்புப் போட்டதாகச் சொன்னீர்கள். மடிப்பு எந்தப் பக்கம் வரும் என்று தெரியாதவர் அந்த வேலையைச் செய்திருக்க முடியாது. அந்தப் படம் யாருடைய வேலை?"

கேள்வி நேராக வந்தது. தெரியாது என்று சொன்னால் படம் பொய், பதினேழு வருடக் கை பொய், திங்கட்கிழமை இல்லை. தெரியும் என்று சொன்னால் பக்கத்தில் நிற்கிற மனிதருக்கு அது விளங்கும். பிரெஞ்சு அவருக்குக் காதில் விழாமல் போகிற மொழி இல்லை. அவர் இன்னும் சிரித்துக்கொண்டுதான் நின்றார், ஆனால் கண் இரண்டும் அவளுடைய வாயில் இருந்தன.

சிவாஜினி புருசனை விட்டு வேலையைப் பிடித்துக்கொண்டாள்.

"என் வேலைதான் மடாம்," என்றாள். "மடிப்பு பின்னால் வரும் என்று எனக்குத் தெரியும். இவர் கேட்டார், நான் முன்னால் என்று சொன்னேன்." பிறகு, பெண்ணுக்குப் பெண் விளங்கும் என்ற நம்பிக்கையில் ஒரு சிரிப்பையும் சேர்த்தாள். "புருசன்மார் எப்படி என்று உங்களுக்குத் தெரியாதா? ஒரு நாளைக்கு ஒரு பாடம் படிக்கட்டும் என்று விட்டேன்."

மடாம் சிரிக்கவில்லை.

"நான் முப்பத்திரண்டு வருடமாகப் பாட்டுக்காரருக்கு உடுத்திவிடுகிறேன்," என்றாள் அமைதியாக. "அவர்களில் பாதிப்பேரை எனக்குப் பிடிக்காது. ஒருவன் என் முகத்தில் சப்பாத்தால் எறிந்திருக்கிறான். அன்று இரவும் அவன் மேடைக்குப் போகமுன் முதுகுப் பொத்தானை இரண்டு தரம் சரிபார்த்துத்தான் அனுப்பினேன். எங்கள் முன்னால் கையைத் தூக்கிக்கொண்டு நிற்பவனுக்குத் தன் முதுகு தெரியாது. அதற்காகத்தான் நாங்கள் இருக்கிறோம். திங்கட்கிழமை நீங்கள் வரவேண்டாம்."

ஸ்ரீதரன் சிரிப்பை எப்போது நிறுத்தினார் என்று அவள் காணவில்லை. தமிழில் கேட்டார், மெதுவாகத்தான் கேட்டார். "அந்தத் தாளில பின்னுக்கு எண்டே இருந்தது?"

"ஓம்," என்றாள்.

அவர் குனிந்து தன் மடிப்பைப் பார்த்தார். துருத்திக்கொண்டிருந்த தோல் பையைக் கையால் அமத்திப் பார்த்தார். அது திரும்பத் துருத்தியது. சங்கக் கூட்டத்தில் ஆள் மாறி வாக்குப் போட்டால்கூட மேசையில் அடித்துக் கத்துகிற மனிதர். சுற்றி நின்ற சனத்தை ஒருதரம் பார்த்ததோடு சரி. இத்தனை நேரமும் அவர்கள் ஏன் விளக்குகளைப் பார்த்தார்கள் என்று இப்போது அவருக்கு விளங்கியிருக்கவேண்டும். கழுத்து வரைக்கும் சிவந்து போனார்.

"வாருங்கள், மிஸ்யே," என்று மடாம் அவருடைய முழங்கையைப் பிடித்தாள். கோட் வாங்கிவைக்கும் இடத்துக்குப் பக்கத்தில் திரை போட்ட சிறிய அறை ஒன்று இருந்தது. அங்கே கூட்டிப்போனாள். மக்கின்னனும் பொன்னாடையைக் கழற்றாமல் கூடவே போனார். ஸ்ரீதரனின் குட்டைக் கோட்டை வாங்கி ஒரு கையில் வைத்துக்கொண்டு, மற்றக் கையால் திரையைப் பிடித்துக்கொண்டார். மடாம் தரையில் முழந்தாளிட்டு வார்களைக் கழற்றினாள்.

திரையின் இடைவெளியால் சிவாஜினி பார்த்துக்கொண்டு நின்றாள். அவள் நாலரை மணிக்கு முழந்தாளிட்டுப் பூட்டியதை அந்த அம்மாள் இப்போது முழந்தாளிட்டு அவிழ்க்கிறாள்.

"நான் நினைச்சன், நீங்கள்தான் மாறி உடுத்திட்டீங்கள் எண்டு," என்று ஸ்ரீதரன் கிழவரிடம் ஆங்கிலத்தில் சொல்லிக்கொண்டிருந்தார். குரல் தளதளத்தது. "சொன்னால் உங்களுக்கு வெட்கமாப் போகும் எண்டு சொல்லேல்லை."

மக்கின்னன் ஒரு கணம் அவரைப் பார்த்தார். "நானும் அதனால்தான் சொல்லவில்லை," என்றார். பிறகு இரண்டு பேரும் சிரித்தார்கள். முதலில் கொஞ்சமாக, பிறகு கண்ணில் தண்ணீர் வருமளவுக்கு. ஊசியை வாயில் வைத்துக்கொண்டு மடாமும் சிரித்தாள். கிழவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஆண்டுவிழா எந்தத் திகதி என்று கேட்டார்.

சிவாஜினி திரையை விலக்கி உள்ளே ஓர் அடி வைத்தாள். வேலை போனது போனதுதான் என்று அவளுக்குத் தெரியும். ஆனாலும் பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை. இடது பக்க வார் இன்னும் ஒரு துளை தள்ளிப் பூட்டவேண்டும், அது அவளுக்கு அங்கிருந்தே தெரிந்தது. "நான் பிடிக்கிறேன் மடாம்," என்று கையை நீட்டினாள்.

"வேண்டாம்," என்றாள் மடாம் திரும்பாமலே. "நீங்கள் தொடவேண்டாம்."

சிவாஜினி ஸ்ரீதரனைப் பார்த்தாள். இருபத்தாறு வருடத்தில் அவருக்கு எத்தனையோ விசயத்தில் வாய் நீளம். இதில் ஒரு சொல், இல்லை, அவளே பூட்டட்டும் என்று ஒரு சொல் வரும் என்று அவள் காத்து நின்றாள். அவர் கையைத் தூக்கிக்கொண்டு மடாமின் பக்கம் திரும்பி நின்றார்.

மணி அடித்தது. கிழவர் கோட்டைப் போட்டுவிட்டார். மடாம் எழும்பி, இரண்டடி பின்னால் போய், மேலும் கீழும் பார்த்து, "இப்போது சரி, மிஸ்யே," என்றாள். "மெர்சி மடாம்," என்று ஸ்ரீதரன் அவளுடைய கையை இரண்டு கையாலும் பிடித்தார். பிறகு அவரும் மக்கின்னனும் கதைத்துக்கொண்டே உள்ளே நடந்தார்கள். துணிப்பையோடு சிவாஜினி பின்னால் போனாள். அவளுக்கு முன்னால் அந்த எட்டு யார் கம்பளியும் மடிப்புக்கு மடிப்பு விரிந்து விரிந்து அடங்கியது. உடுப்பென்றால் அவளுக்குக் கண் பொய் சொல்லாது. அந்த மனிதருக்கு அது நன்றாக இருந்தது.